ஆட்குறைப்புப் பேச்சு: ராஜினாமா எழுதித் தரச் சொன்னால்?

ராமநாதபுரத்தில் பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் கடையில் ஆறு ஆண்டு வேலை. ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சில் யாருக்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் பணப்புழக்கம் குறையும், கடை விற்பனையும் சரியும். அந்தச் சரிவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். விலகியவர் இடத்தை நிரப்பாமல் விடுவது, ஷிப்டைக் குறைப்பது, தொலைதூரக் கிளைக்கு மாற்றுவது, இவைதான் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

"ராஜினாமா எழுதிக் கொடுங்க, கணக்கை உடனே முடிச்சிடலாம்" என்றால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால், ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். மேலாளர்களுக்கு இது பொருந்தாது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி; ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், மாதத்துக்கு 26 நாள் கணக்கில் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம், ஆறு ஆண்டுக்கு 13,000 × 15 ÷ 26 × 6 = 45,000 ரூபாய்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகல்களை இன்றே வீட்டில் வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் கடை நிறுவனத்துக்குப் பதில் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர் இருந்தால், இந்தத் தொகைகளுக்கான கோரிக்கையை முதலில் அந்த ஏஜென்சியிடம் எழுத்தில் கொடுங்கள்.