பிழிந்து கொட்டியதுதான் ஈரம்

கேள்வி: தேநீரில் ஊறவைத்த உலர்பழங்களைக் கொண்டு ரொட்டி கேக் செய்தேன். என்னிடமிருந்த குறிப்பில் வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. பழங்களை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தேநீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, இரண்டு முட்டையும் கொஞ்சம் பாலும் ஊற்றி மாவைக் கலந்தேன். மேலே வெடித்து, உள்ளே உலர்ந்து, கத்தி பட்டதும் உதிர்ந்தது. அடுத்த முறை 100 கிராம் வெண்ணெய் சேர்த்தால் மிருதுவாக வருமா?
- ஒரு வாசகி

பதில்: வெண்ணெய் சேர்த்தால் மிருதுவான வேறொரு கேக் வரும். நீங்கள் செய்ய நினைத்தது வராது. குறிப்பை எழுதியவர் வெண்ணெயை மறந்துவிடவில்லை. இதற்கு அது வேண்டியதில்லை. இந்த ரொட்டியின் ஈரம் முழுவதும் பழத்திலும், பழம் குடித்த தேநீரிலும்தான் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பிழிந்து கொட்டிவிட்டீர்கள்.

உலர்திராட்சை நீருக்கு ஏங்கும் பொருள். அரைகுறையாக ஊறியதை மாவில் போட்டால், தனக்கு வேண்டிய மிச்ச நீரை மாவிலிருந்தே இழுத்துக்கொள்ளும். வேகும்போது மட்டுமல்ல, வெந்து ஆறிய பிறகும் இழுக்கும். உங்கள் ரொட்டி உதிர்ந்த காரணம் இதுதான். முழுக்க ஊறிய பழமோ சுற்றியுள்ள மாவை ஈரமாகவே வைத்திருக்கும். ஒரு மணி நேரத்தில் பழத்தின் தோல்தான் நனைகிறது. உள்ளே நீர் இறங்க ஓர் இரவு வேண்டும்.

350 கிராம் பழத்துக்கு 300 மில்லி லிட்டர் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், 200 கிராம் பழுப்புச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், நறுக்கிய பேரீச்சை, அத்தி எதுவும் ஆகும். சர்க்கரையை மாவோடு சேர்க்காமல், பழத்தோடு சேர்த்து அதன் மேல் சூடான தேநீரை வடிகட்டி ஊற்றுங்கள். சர்க்கரை கரைந்து பழத்துக்குள்ளும் போகும். மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். சமையலறை வெக்கையாக இருந்தால், ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பழங்கள் உப்பியிருக்கும். அடியில் கறுத்த பாகாக ஒரு திரவம் நிற்கும். மாவைக் கலப்பதற்கான நீர் அதுதான். ஒரு சொட்டுக்கூடக் கீழே போகக் கூடாது. பால் எதற்கு?

தேநீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடிக்கும் பதத்தில் போட்டால் நிறம் வரும், சுவை வராது. இவ்வளவு பழமும் சர்க்கரையும் சேரும் இடத்தில், தேயிலையின் துவர்ப்புதான் தித்திப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது. அந்த 300 மில்லி லிட்டருக்கு மூன்று தேக்கரண்டி தேயிலை போட்டு ஐந்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். பால் கலந்த தேநீர் வேண்டவே வேண்டாம். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு சுவையை மழுக்கிவிடும். இரவு முழுவதும் வெளியில் இருந்தால் கெட்டும் போகும்.

மறுநாள் வேலை மிகக் குறைவு. ஊறியதில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, 275 கிராம் மைதாவையும் மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் ஒரு சிட்டிகை உப்பையும் சலித்துப் போட்டு, மரக்கரண்டியால் கிளறுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிடுங்கள். வெண்ணெய் உள்ள கேக்கில் கொழுப்பு மாவின் பசைத்தன்மையைத் தடுத்துவிடும். இதில் அந்தத் தடுப்பு இல்லாததால், கிளறக் கிளற இழுவை கூடிக்கொண்டே போகும். மின்சார பீட்டரை வெளியில் எடுக்கவே வேண்டாம்.

900 கிராம் பிடிக்கும் நீள அச்சில் தாள் விரித்து, 160 டிகிரி செல்சியஸில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேகட்டும். சூட்டைக் கூட்டி அவசரப்பட்டால் நடு வேகும் முன் ஓரம் காய்ந்துவிடும். குச்சியால் குத்தும்போது அது திராட்சையில் போய் நின்றால் ஈரமாகத்தான் வரும். வேகவில்லை என்று நினைத்து இன்னும் இருபது நிமிடம் விட்டுவிடாதீர்கள். இரண்டு இடங்களில் குத்திப் பாருங்கள். மேலே வெடிப்பது குறையே இல்லை.

வேல்ஸ் நாட்டில் இதே வகை ரொட்டிக்குப் ‘பாரா ப்ரித்’ என்று பெயர். புள்ளி விழுந்த ரொட்டி என்று பொருள். அங்கே முன்பு ஈஸ்ட் கலந்து ரொட்டியாகவே சுட்டார்கள். பேக்கிங் பவுடர் கொண்டு செய்வது பின்னால் வந்த வழக்கம். அயர்லாந்தின் ‘பாம்ப்ராக்’கும் இதற்கு உறவுதான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பெயரிலேயே ரொட்டி இருக்கிறது. கேக் என்று நினைத்துச் செய்வதால்தான் கை வெண்ணெயைத் தேடுகிறது.

சூடாக வெட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெட்டியிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. அந்த மணம் வீட்டில் பரவும்போது யாருக்கும் கை நிற்காது. ஆனாலும் நிறுத்துங்கள். முழுக்க ஆறியதும் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். பழத்தின் ஈரம் பரவி, மேல் ஓடு இளகி, உதிராமல் மெல்லிய துண்டாக வெட்ட வரும். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும்.

அந்த 100 கிராம் வெண்ணெயை அப்போது வெளியே எடுங்கள். வெட்டிய துண்டின் மேல் தாராளமாகத் தடவுங்கள்.