இறுகிப் போன டிராக்டர் கியர் பாக்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்தில் இருபத்தெட்டு வருடமாக டிராக்டர் பட்டறை வேலை பார்க்கிறேன். வருடக் கணக்கில் நின்று துருவேறிய வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆத்தூரிலிருந்து ஒருவர்: அப்பாவின் டிராக்டர் எட்டு வருடமாகப் புளியமரத்தடியில் நிற்கிறது. எஞ்சின் கையால் சுற்றுகிறது, வண்டி ஒரு அடி நகரவில்லை. இன்னொரு டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுத்தால் விட்டுவிடும் என்கிறார்கள். இழுக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. பின் டயர் உருளும் வேகத்துக்கு உள்ளே துருவேறிய பல்சக்கரம் ஈடு கொடுக்காது. பல் உடைந்து, அந்தத் துண்டு அடுத்த பல்லுக்கு நடுவில் போய் ஹவுசிங்கையே, அதாவது பல்சக்கரங்கள் இருக்கும் வார்ப்பிரும்புக் கூட்டையே, பிளந்துவிடும். அப்படிப் பிளந்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

முதலில் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்து, பின் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்ற சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால், இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இறுகவில்லை என்று அர்த்தம். சக்கரமே அசையவில்லை என்றால் பிரேக் மேல்தான் என் முதல் சந்தேகம். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டதைக் கியர் பாக்ஸ் என்று நினைத்து ஹவுசிங்கைத் திறந்தவர்கள் நிறையப் பேர். பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டுங்கள். பாதி வண்டிகள் அதிலேயே விட்டுவிடும்.

ஓமலூரிலிருந்து: சக்கரம் சுற்றுகிறது, கியர் லீவர்தான் அசையவில்லை. டிரைன் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர், அப்புறம் டீ நிறத்தில் கூழ் மாதிரி ஆயில் வந்தது. இனி என்ன செய்வது?

தண்ணீர் கனமானது, அதனால் அடியில் தங்கி முதலில் வெளியே வருகிறது. அந்தக் கூழ் ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை. எல்லாம் வடியட்டும், ஒரு ராத்திரி திறந்தே விடுங்கள். பிறகு லீவரோடு சேர்ந்த மேல் மூடியைக் கழற்றுங்கள். லீவரைப் பிடித்து உலுக்க வேண்டாம், பல்சக்கரத்தை நகர்த்தும் கவை மாதிரியான ஃபோர்க் வளைந்துவிடும். நான் தொழில் பழகிய காலத்தில் அப்படி ஒன்றை வளைத்து, அதே அளவில் வேறு ஃபோர்க் கிடைக்காமல் இரண்டு வாரம் அலைந்தேன்.

மூடியைத் திறந்தால் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய வரிப்பள்ளங்கள்) மேல் நகர வேண்டிய பல்சக்கரங்கள் தெரியும். பெரும்பாலும் ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்த பகுதிதான் துருவேறியிருக்கும், மூழ்கியிருந்தது பளபளவென்று இருக்கும். டீசலும் எஞ்சின் ஆயிலும் சம பங்கு கலந்து, காலையும் மாலையும் அந்த இடங்களில் பிரஷ்ஷால் ஊற்றுங்கள். ஹவுசிங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். காய்ந்த ஆயில் சீல் வழியாக டீசல் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் போய்விடும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள சின்ன ஓட்டையைத் தினமும் பாருங்கள். அங்கே சொட்டினால் ஊற்றுவதைக் குறையுங்கள்.

நாலு நாள் கழித்து, பித்தளைத் துண்டை வைத்து, பல்லில் படாமல் சக்கரத்தின் நடுப்பகுதியில் லேசாகத் தட்டுங்கள். ஒரு நூல் அளவு முன்னால், ஒரு நூல் அளவு பின்னால். ஒரே பக்கமாகத் தள்ளினால் துருப்பொடி முன்னால் சேர்ந்து மறுபடி இறுகும். முன்னும் பின்னும் போகும்போது அந்தப் பொடி கரைந்து வெளியே வரும். இரும்புச் சுத்தியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். பல்லின் மேல்தோல் கடினப்படுத்தியது, சில்லு தெறிக்கும். நான் பார்த்த வண்டிகளில் மூன்று நாளில் விட்டதும் உண்டு, ஒரு மாதம் பிடித்ததும் உண்டு.

வாழப்பாடியிலிருந்து: கேஸ் வெல்டிங் நெருப்பால் சூடாக்கலாமா?

கூடாது. உள்ளே டீசல் ஆவி இருக்கும், தீப்பிடிக்கும். ஒரே இடத்தில் சூடு பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கவும் செய்யும்.

மேட்டூரிலிருந்து: வேலை நடுவில் கியர் மாற்றியபோது டக்கென்று ஒரு சத்தம். அதன்பின் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது, வண்டி கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறது. இதுவும் துருவா?

இல்லைங்க. ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றப் பார்க்கும், அதனால் எதுவும் சுற்றாது. எஞ்சினை நிறுத்தி, மேல் மூடியைக் கழற்றி, ஃபோர்க்குகளை ஸ்குரூடிரைவரால் நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். லீவரின் அடி நுனியும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் மூடினால் திரும்பவும் விழும்.

ஏற்காடு காபி தோட்டத்திலிருந்து: ஷெட்டுக்குள்தான் நிறுத்துகிறோம், மழையே படவில்லை. எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை, கறகறவென்கிறது. நிறுத்தினால் எல்லாக் கியரும் விழுகிறது.

உங்கள் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது அம்மா. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு, அதாவது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தோடு, துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. அதனால் பெடலை மிதித்தாலும் எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மலையில் மழை படவே வேண்டாம், மூடுபனி போதும். ராத்திரி குளிர்ந்த இரும்பில் ஈரக்காற்று பட்டு உள்ளேயே வேர்க்கும். கியர் லீவரின் ரப்பர் கிழிந்திருந்தால் ஹவுசிங்குக்குள்ளும் அந்த ஈரம் போகும், அதையும் மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் பெடலை முழுக்க அழுத்தி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் எஞ்சினை அரை மணி நேரம் நியூட்ரலில் ஓடவிட்டால் சூட்டில் பிடி தளரும். விடாவிட்டால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கியரில் போட்டே ஸ்டார்ட் செய்து குலுக்கி எடுப்பவர்கள் உண்டு. வண்டி பாய்ந்துவிடும். சமவெளியிலேயே ஆபத்தான அந்த வேலையை உங்கள் சரிவில் செய்யவே கூடாது. கிளட்ச்சுக்குள் டீசலோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள், பிளேட் வழுக்கும்.

எடப்பாடியிலிருந்து: கியர் விட்டுவிட்டது அண்ணா! உடனே உழவுக்கு எடுக்கலாமா?

ரொம்பச் சந்தோஷம். ஆனால் உடனே வேண்டாம். டீசலால் உள்ளே நன்றாக அலசி வடித்துவிட்டு, டிரைன் போல்ட்டில் இரும்புத்துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பேரிங்கையும் விரலால் சுற்றுங்கள். கரகரத்தால் மாற்றியே ஆக வேண்டும். பல்லில் மேலோட்டமான கறை இருந்தால் பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் அந்தச் சக்கரம் நிலைக்காது. புது ஆயில் ஊற்றும்முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மாசி பெர்குசன் 35 போன்ற வண்டிகளில் கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். துருப்பொடி மிச்சமிருந்தால் அது ஹைட்ராலிக் பம்ப்பைத் தின்றுவிடும். சுமை இல்லாமல் எல்லாக் கியரிலும் சில மணி நேரம் ஓட்டி, அந்த ஆயிலைச் சூட்டோடு வடித்துவிட்டு, மறுபடி புதிது ஊற்றுங்கள். அப்புறம் கலப்பையை மாட்டலாம்.