ஐராவதி டெல்டாவில் காடு வளர்ப்பது: கேள்விகளும் பதில்களும்

அலையாத்தி (ஓதம் வந்துபோகும் உப்புச் சேற்றில் வளரும் மரங்கள்) நாற்றங்காலில் வேலை பார்ப்பவன் என்பதால் மியான்மரின் (பர்மாவின்) ஐராவதி டெல்டா ஊர்களிலிருந்து நம் தமிழ் மக்கள் என்னிடம் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பியாப்போனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஊர்ப் பையன்கள் சேர்ந்து மழைக்காலத்தில் ஆற்றுவாய்ச் சேற்றுத் திட்டில் சுரபுன்னை (ஒருவகை அலையாத்தி) நட்டோம். கோடை வருவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. நாற்று சரியில்லையா?

நாற்றைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. திட்டு காலியாகக் கிடக்கிறது, யாருக்கும் பட்டா இல்லை, படகை விட்டு இறங்கியதும் நட்டுவிடலாம் என்று எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அங்கே தானாக ஒரு மரம்கூட முளைக்காமல் இருப்பது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் திட்டு நாளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கிறது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூழ்கிக் கிடக்கும் மட்டத்தில் நட்டால் அலையாத்தி நாற்றின் வேருக்கு மூச்சு முட்டும். தப்பிப் பிழைத்ததன் தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிக்கொண்டு பாரத்தால் சாய்த்துவிடும். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகள் பெரும் பணம் கொட்டி இப்படித்தான் நட்டார்கள். நெடுங்காலம் தங்கியவை 10 முதல் 20 சதவீதம்தான்.

அடுத்த முறை நாற்று வாங்குமுன் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்கும் காட்டில் அமாவாசை ஓதம் (கடல் நீரேற்றம்) எந்த உயரத்துக்கு வருகிறது, வற்றத்தில் எப்போது தரை தெரிகிறது என்று குறித்துவையுங்கள். நீங்கள் நடப்போகும் இடமும் அதே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே நடாதீர்கள். மட்டம் சரியாக இருந்தாலும் தண்ணீர் ஓரத்தில் முதலில் வருவது வெண்கண்டலும் லமு மரமும்தான். சுரபுன்னைக்கு அவற்றின் பின்னால்தான் இடம். அதன் விதைக்குச்சியைச் சேற்றில் குத்தினால் போதும், படமும் அழகாக வரும் என்பதால்தான் எல்லோரும் அதைத் தேடி ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

போகலேயிலிருந்து ஓர் ஐயா: எங்கள் குடும்பத்துக்கு 12 ஏக்கர் இருக்கிறது. முன்பு நெல், பிறகு இறால் குட்டை, இப்போது உப்பேறிச் சும்மா கிடக்கிறது. காடாக்க எந்த மரம் வைக்கலாம்?

இந்த வருஷம் எதுவும் வைக்க வேண்டாம் ஐயா. முதலில் வரப்பை உடையுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. காடு திரும்பி வராததற்கு அந்த வரப்புதான் காரணம். ஓதம் உள்ளே வர வழியில்லை, விதையும் மிதந்து வர வழியில்லை. மழை நீர் தேங்கி நிற்கும், கோடையில் வற்றி உப்பு மட்டும் மிஞ்சும். இன்னொரு சங்கடமும் உண்டு. டெல்டாவின் அடிமண்ணில் கந்தகம் கலந்த இரும்பு இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. காய்ந்து காற்றுப் பட்டால் அமிலமாகும். வாய்க்காலில் துருநிறத் தண்ணீர் ஓடுகிறதென்றால் அதுதான் அடையாளம். அந்த மண்ணை ஓதம் பல மாதம் வந்துபோய்க் கழுவினால்தான் செடி பிடிக்கும்.

எங்கே உடைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், அந்த வாயைத் திறந்துவிடுங்கள். கண்ட இடத்தில் உடைத்தால் தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகாது. தமிழ்நாட்டுப் பிச்சாவரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட தரை தாழ்ந்து பள்ளமானது, உள்ளே வந்த ஓதநீர் தேங்கி உப்பு முற்றி, எதுவும் முளைக்கவில்லை. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டித் தண்ணீரை வந்துபோக விட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே செடி பிடித்தது.

திறந்துவிட்டபின் ஒன்றிரண்டு மழைக்காலம் பொறுங்கள். என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, வராததை மட்டும் நடுங்கள். கழுதைமுள்ளியும் சதுப்புப் பெரணியும் புதராக மண்டினால் விதை தரையைத் தொடாது, அங்கே மட்டும் கீற்றுக் கீற்றாக வெட்டி வழிவிடுங்கள். முக்கியமாக, உடைப்பதற்கு முன் பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள். உங்கள் ஓதம் அவர் நெல்லுக்குள் போனால் காட்டுப் பேச்சு பஞ்சாயத்தில்தான் முடியும்.

மௌபினிலிருந்து: நாங்கள் நன்னீர்ப் பக்கம். வருஷா வருஷம் கரை இடிகிறது. அலையாத்தி வைக்கலாமா?

வேண்டாம், உங்கள் ஊருக்கு அது பொருந்தாது. தண்ணீர் விளிம்பில் பர்மியர் மோமக்கா என்று சொல்லும் ஆற்று அலரி, அதற்குச் சற்று மேலே சமுத்திரப்பழம் (இங்கே ‘சீ’ மரம்), கரைமேல் புங்கம், நீர்மருது, திங்கான். இடையில் வெட்டிவேர் வரிசை. மோமக்காவுக்கு நாற்றே வேண்டாம், வெள்ளம் வடிந்ததும் ஈரம் இருக்கும்போது கிளையை வெட்டி ஊன்றினால் வேர்விடும். சமுத்திரப்பழம் வெள்ளத்தில் வாரக்கணக்கில் நின்றாலும் தாங்கும்.

ஆனால் ஆறு வளைந்து வந்து நேரே மோதும் வெளிவளைவில் உங்கள் நிலம் இருந்தால், எந்த மரமும் நிற்காது. அடியில் மண் அரித்துக்கொண்டு போக, மரத்தோடு கரை விழும். பக்கத்தில் மணல் அள்ளும் படகுகள் இருந்தால் இன்னும் மோசம். ஐராவதி ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் வண்டலைக் கடலுக்குக் கொண்டுபோகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். டெல்டா பிறந்ததே அந்த மண்ணில்தான். அதை நடுவழியில் அள்ளிக்கொண்டே கரையில் செடி நடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டையும் தோட்டத்தையும் பின்னுக்குத் தள்ளுவதே மேல்.

துவாந்தேயிலிருந்து: குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மருந்தடிக்கலாமா?

கூடாது. செத்துப் போனது அடியில் அழுகி மீனைக் கொல்லும். கோடையில் நீர் குறையும்போது இழுத்துக் கரையில் போட்டு மக்கவிடுங்கள், வாழைக்கு நல்ல உரம். ஒரேயடியாக ஒழிக்கப் பார்க்காதீர்கள், 1917-லேயே இதை ஒழிக்கச் சட்டம் போட்ட நாடு இது, இன்னும் ஒழியவில்லை.

லபுட்டாவிலிருந்து ஓர் அக்கா: நர்கிஸ் புயலில் எங்கள் வீட்டில் இருவரை இழந்தோம். காடு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா?

அக்கா, இதற்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. 2008 மே 2-ம் தேதி வந்த கடல் 12 அடி உயரத்துக்கு ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர். அடர்ந்த காடு அலையின் வேகத்தை உடைக்கும், அடித்துவரும் படகையும் மரத்துண்டையும் தடுக்கும். மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர்கள் பலர். ஆனால் ஏறிவரும் நீர்மட்டத்தைக் குறைக்க மைல் கணக்கில் அகலமான காடு வேண்டும். ஓரமாக நாலு வரிசை மரம் நட்டுவிட்டு ஊர் தப்பித்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேட்டில் புயல் காப்பிடமும் நேரத்துக்கு எச்சரிக்கையும் வேண்டும். காடு அவற்றுக்கு மேல் கிடைக்கும் துணை.

ரங்கூனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இங்கே பெரிய கனசோ (ஒருவகை அலையாத்தி மரம்) காடு இருந்ததாம். யார் அழித்தது?

வெட்டியவர் பர்மிய விவசாயி, வெட்டச் சொன்னது வெள்ளைக்கார அரசு, கடன் கொடுத்தது நம் செட்டியார்கள். 1852-ல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. 1850களில் பத்து லட்சம் ஏக்கர்கூட இல்லாத கீழ் பர்மா நெல் வயல், 1930களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் கப்பலேறி வந்த கூலிகளில் நம் முன்னோரும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார் கைக்கு வந்தது. இந்தக் கதையில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லாப் பழியும் அந்தக் காலத்துக்கே போகாது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றின்படி, டெல்டா அலையாத்திக் காடு 1978-ல் 2,623 சதுர கிலோமீட்டர், 2011-ல் 938. மூன்றில் இரண்டு பங்கு நம் கண்ணெதிரே போனது. ரங்கூன் அடுப்புக்குப் போன கரியும் அதில் சேர்த்தி, பெரும்பங்கு நெல்லுக்கு.

பியாப்போனிலிருந்தே இன்னொருவர்: அடுப்புக்கு விறகு வேண்டாமா? காவல் போட்டு என்ன பயன்?

சரியான கேள்வி. விறகுக்கு வழி சொல்லாமல் காவல் போட்டால் இரவில் வெட்டுவார்கள். ஓடைக்கரையில் டனி (நீர்ப்பனை வகை) வையுங்கள், கூரைக்கு ஓலை கிடைக்கும், பதநீர் இறங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். வனத்துறையின் சமூகக் காடு விதிப்படி (1995-ல் வந்தது, பிறகு திருத்தப்பட்டது) ஊர்க்குழுவுக்கு 30 வருஷக் குத்தகை கிடைக்க வழியுண்டு. ஒரு பகுதியை விறகுக்கென்று முறைவைத்து வெட்டலாம். நண்டு பிடிப்பவர்களை முதலில் குழுவில் சேருங்கள். காடு வந்தால் நண்டு வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களைவிட நல்ல காவல்காரர் கிடைக்கமாட்டார்.

போகலேயிலிருந்து: காடு வந்தால் முதலையும் வருமே?

மெய்ன்மஹ்லா தீவுப் பக்கம் என்றால் வரும். அங்கே ஓடையில் இருட்டில் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். வேறு மருந்தில்லை.

பல ஊர்களிலிருந்து: கனசோ விதை எப்போது எடுப்பது, எவ்வளவு நாள் வைக்கலாம்?

மழைக்காலத்தில் விழும். நீரில் மிதந்து ஓரத்தில் ஒதுங்குவதைப் பொறுக்கலாம். பூச்சி ஓட்டை இருப்பதைத் தள்ளிவிடுங்கள். நெல்போல் காயவைத்துச் சேமிக்க முடியாது, உலர்ந்தால் செத்துவிடும். ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, சில நாளுக்குள் பையில் ஊன்றிவிடுங்கள். கனசோவுக்கு உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும், அதனால் கடலோரத்தில் நடாமல் ஆற்றின் மேல்பக்கம் பாருங்கள். எருமை மேயும் இடமென்றால் மூங்கில் வேலிக்குச் செலவை முதலிலேயே ஒதுக்குங்கள்.