வரைபடம் சில நேரம் மட்டும் தோன்றுவது ஏன்?

கேள்வி: பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களின் மீன் இறங்குதளங்களுக்கு நாள்தோறும் வரும் மீன் வரத்தைப் பதிவுசெய்ய ஒரு வலைச்செயலி எழுதியுள்ளேன். வரைபடம் காட்டுவதற்காக லீஃப்லெட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) இணைய முகவரியைச் சேர்த்து, பக்கம் விரைவாகத் திறக்கட்டும் என்று அவ்வரியில் 'ஏசிங்க்' (async) என எழுதினேன். சில நேரம் படம் வருகிறது. பல நேரம் 'எல் இஸ் நாட் டிஃபைன்ட்' ('L' வரையறுக்கப்படவில்லை) என்ற பிழைதான் வருகிறது. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, பாம்பன்

பதில்: லீஃப்லெட்டின் செயல்கள் அனைத்தும் 'எல்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கியுள்ளன. 'ஏசிங்க்' என்று எழுதிய கோப்பு, வரிசையைப் பாராமல், வந்து சேர்ந்தவுடன் இயங்கிவிடும். நூலகம் முந்தினால் படம் தெரியும். உங்கள் நிரல் முந்தினால் 'எல்' என்பது யாரென்றே உலாவிக்குத் தெரியாது. நூலகத்தையும் உங்கள் நிரலையும் சேர்க்கும் இரண்டு வரிகளிலும் 'ஏசிங்க்' இன்றி 'டிஃபர்' (defer) என்று எழுதி, நூலகத்தை மேலும் உங்கள் நிரலைக் கீழும் வையுங்கள். உலாவி பக்கத்தை முழுவதும் படித்து முடித்தபின், எழுதிய வரிசையிலேயே அவற்றை இயக்கும்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். அலைபேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும் கடற்கரையில், விடியற்காலையில் மீனை எடைபோட்டபடியே பதிவுசெய்பவர்களுக்கான செயலி, வேறொருவரின் சேவையகத்தையும் நம்பி நிற்கக் கூடாது. லீஃப்லெட்டின் 1.9.4 பதிப்பைப் பதிவிறக்கி உங்கள் சேவையகத்திலேயே வையுங்கள். சுருக்கி அனுப்பினால் அது ஏறத்தாழ 42 கிலோபைட்தான். அதனுடன் வரும், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் (CSS) கோப்பையும், இடக்குறிகளின் படங்கள் உள்ள கோப்புறையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பதிப்பு எண் இல்லாமல் 'அண்மைப் பதிப்பு' என்று இணைத்தால், நீங்கள் ஒன்றும் மாற்றாமலே செயலி ஒருநாள் நின்றுவிடலாம்; ஏனெனில் 2.0-இன் சோதனைப் பதிப்பு அந்த 'எல்' என்ற பொதுப்பெயரையே கைவிட்டுவிட்டது.

வரைபடம் அமரும் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் உயரம் தர வேண்டும். தராவிட்டால் பிழைச்செய்தி எதுவும் இன்றியே படம் காணாமல் போகும். அடிப்படைப் படத்துண்டுகள் அப்போதும் இணையத்திலிருந்துதான் வரும் என்பதால், சமிக்ஞை அறுந்தால் பின்னணி வெறுமையாக இருக்கும். உங்கள் இடக்குறிகள் நிற்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்த வரைபடத் திட்டத்தின் துண்டுகளைப் பயன்படுத்தினால், மூலையில் வரும் அதன் பெயரை நீக்கக் கூடாது.

லீஃப்லெட்டில் அட்சரேகையே முதலில் வரும். பாம்பனுக்கு 9.28, 79.2 என்று எழுதுங்கள். இடம் மாற்றி எழுதினால் உங்கள் இறங்குதளம் வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும்.