ஜெர்மன் இன்சூரன்ஸ் அட்டையோடு நெதர்லாந்துக்குக் குடிபோகலாமா?

கேள்வி: குடும்பத்தோடு ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு வேலை மாறிப் போகிறேன். ஜெர்மன் மருத்துவ இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்கமே மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் செல்லும் ஐரோப்பிய அட்டைதானே, அது போதாதா?

போதாது. அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கும் நாலு நாள் ஆபீஸ் வேலையாகப் போய் வருகிறவருக்கும்தான். குடியேறி அங்கேயே சம்பளம் வாங்க ஆரம்பித்தால், வேலை எந்த நாட்டிலோ இன்சூரன்ஸும் அந்த நாட்டில்தான். 2022-ல் நானும் அதே அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு டுசெல்டார்ஃபிலிருந்து ஐந்தோவனுக்குப் போனவன். காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வீடு மாற்றுகிற மாதிரி நினைத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம், சனிக்கிழமை ராத்திரி, பையனுக்குக் காதுவலி. போன் செய்து நேரம் வாங்கி, வார இறுதி டாக்டர் மையத்துக்கு ஓடினோம். அட்டையை நீட்டினேன். "சுற்றுலா வந்திருக்கிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டார். "இங்கேயேதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அட்டை அப்போதே கைக்குத் திரும்பிவிட்டது, பில் பின்னால் வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பாலிசி எடுத்தேன். வந்து நான்கு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் முதல் நாளிலிருந்தே செல்லும். அதனால் பில் பணம் திரும்பி வந்தது. ஆனால் பழைய மாதங்களின் பிரீமியத்தையும் சேர்த்துக் கட்டினேன், அதுவும் இரண்டு பேருக்கு. ஜெர்மனியில் வேலைக்குப் போகாத என் மனைவி என் காப்பீட்டிலேயே தனியாகக் காசு கட்டாமல் இருந்தாள். இங்கே பெரியவர்களுக்குத் தலைக்கு ஒரு பாலிசி. அதற்கு மேல் 'ஐகென் ரிசிகோ' என்று வருடத்துக்கு ஆளுக்கு 385 யூரோ வரை செலவு நம் தலையில். குடும்ப டாக்டரைப் பார்ப்பது அதில் சேராது. 18 வயதுக்குள் பிரீமியம் கிடையாது, ஆனால் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும். சம்பளம் பேசும்போதே இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்.

அடுத்த அடி விழுந்தது ஜெர்மனியிலிருந்து. கிளம்பும்போது நகராட்சியில் 'அப்மெல்டுங்' செய்து பெயரை நீக்கினேன், இன்சூரன்ஸுக்கு மட்டும் சொல்லவில்லை. நாமாகச் சான்றோடு விலகாவிட்டால் உறுப்பினராகவே தொடர்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். வருமான விவரமும் தராவிட்டால் உச்சபட்ச பிரீமியம், அப்போதே மாதம் 800 யூரோவுக்கு மேல். கடிதங்கள் பழைய விலாசத்தில் குவிந்துகிடக்க, பக்கத்து வீட்டுத் துருக்கிப் பாட்டி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அப்மெல்டுங் தாளையும் டச்சுப் பாலிசியையும் அனுப்பிய பிறகுதான் ரத்தானது. அதுவரை தூக்கமில்லை.

நான் வக்கீல் இல்லை. ஜெர்மன் கம்பெனியே கொஞ்ச காலத்துக்கு அனுப்பிவைத்தால் ஏ1 என்ற சான்று, ஒரு நாட்டில் குடியிருந்து மறு நாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தால் எஸ்1 என்ற படிவம், அந்தக் கணக்கே வேறு. "எனக்கு அப்படி ஆகலையே" என்று கமென்ட் போட வருபவர்கள், தாங்கள் எந்த ரகம் என்று முதலில் சொல்லிவிடவும்.

இவ்வளவும் பட்டுவிட்டு ஊருக்குப் போனால், கல்யாணப் பந்தியில் சித்தப்பா, "உனக்கென்னப்பா, அங்க வைத்தியமெல்லாம் சும்மா!" என்கிறார். ஒவ்வொரு கல்யாணத்திலும் இதே பேச்சு. சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று காட்டலாம்தான். மேலே இருக்கிற தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கடன் கேட்பார்.