பெரிய திறமூலத் திட்டத்தின் பில்டை எங்கிருந்து எளிமையாக்கத் தொடங்குவது?

பில்ட் என்பது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் வேலை; அதை எப்படிச் செய்வது என்று 'மேக்' என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு மேக்ஃபைல். கோப்புறைக்கு ஒரு மேக்ஃபைல் என்று வளர்ந்துவிட்ட திட்டத்தில் முதலில் எதைத் தொடுவது என்று கேட்கிறீர்கள். கருவியை மாற்றுவதில் தொடங்காதீர்கள்.

மேக் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் தனித்தனியாக ஓடும்போது, பக்கத்துக் கோப்புறையில் உருவாகும் ஹெடரை (பல மூலக் கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்பை) எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தில்தான் எல்லோரும் 'மேக் கிளீன்' அடித்து, ஏற்கெனவே உருவானதை அழித்து, முழுவதையும் மறுபடி கம்பைல் செய்கிறார்கள். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்ற எல்லாச் சார்புகளையும் ஒரே வரைபடத்துக்குள் கொண்டுவாருங்கள். மாறியதும் அதைச் சார்ந்ததும் மட்டும் கம்பைல் ஆகும். பல கோர்களில் இணையாக ஓட்டவும் பயமிருக்காது. மிகப் பெரிய பலன் இதில்தான் என்பேன்.

அடுத்து, யாரும் பயன்படுத்தாத பழைய இயங்குதளங்களுக்காக பில்டில் ஓடும் சோதனைகளை நீக்குங்கள்.

கருவி மாற்றம் கடைசியில். அப்போதும் பழையதைச் சட்டென்று தூக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத் திட்டம் 2023இல் 16ஆம் பதிப்பில் மெசான் என்ற பில்ட் கருவியைச் சேர்த்தது. விண்டோஸுக்கென வைத்திருந்த தனி பில்ட் ஸ்கிரிப்டுகளை 17ஆம் பதிப்பில்தான் நீக்கியது.