பறவைக் கூண்டில் சிலந்தி: ஸ்ப்ரேயைக் கீழே வையுங்கள்

கேள்வி: கொல்லையில் ஆள் நுழையும் அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டி ஃபிஞ்சும் பட்ஜியும் வளர்க்கிறேன். ஒட்டடை அடித்து இரண்டு நாள் ஆவதற்குள் மறுபடி வலை. போன வாரம் ஒரு கூட்டுப்பெட்டிக்கு அடியில் கறுப்பாக, பளபளவென்று ஒரு சிலந்தியைப் பார்த்தேன். உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. பூச்சி ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மூச்சை வெளியே விடும்போதுகூடப் பறவையின் நுரையீரலுக்குள் காற்றுப்பைகளிலிருந்து புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு லேசாக மூக்கு எரியும் ஆவி, ஃபிஞ்ச் அளவுள்ள உடம்பைச் சாய்த்துவிடும். அந்துருண்டை, புதினா எண்ணெய், ஒட்டுப்பசை அட்டை எதுவும் கூண்டுக்குள் போகக்கூடாது. பசை அட்டையில் சிலந்திக்கு முன்னால் உங்கள் ஃபிஞ்சுதான் மாட்டும்.

சிலந்திகளில் பெரும்பாலானவை உங்கள் பறவைகளை ஒன்றும் செய்யாது. கொசு, ஈ, அந்துப்பூச்சி என்று பிடித்துத் தின்பவை அவை. பறவை அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பங்கு உண்டு என்பதால், மூலையில் இருக்கும் ஒரு சின்ன வலையை நான் கலைக்க மாட்டேன். பறக்கும் வழியில் குறுக்கே விரிந்த பெரிய வட்ட வலையை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். சின்னப் பறவை சிக்கிக்கொள்ளும்.

நீங்கள் பார்த்த கறுப்புச் சிலந்தி வேறு கதை. அது விதவைச் சிலந்தி (black widow) என்ற விஷ வகையாக இருக்கலாம். இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடுங்கள். பெட்டியின் அடிப்புறம், தீனித்தட்டின் கீழ்விளிம்பு, அடுக்கி வைத்த தொட்டிகள் என்று தாழ்வான, இருண்ட இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும். வலை ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருக்கும். குச்சியால் இழுத்தால் இழை படபடவென்று சத்தத்தோடு அறும். வயிற்றின் அடியில் சிவப்புக் குறி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தடித்த கையுறை போட்டு, நீளமான குச்சியால் நசுக்கிவிடுங்கள்.

ஒட்டடை அடித்தும் வலை திரும்ப வருவதற்குக் காரணம், கோலுக்கு வலைதான் வருகிறது, சிலந்தி இடுக்கில் பதுங்கிக்கொள்கிறது. அன்றிரவே மறுபடி நூற்க ஆரம்பித்துவிடும். முட்டைப்பையும் அங்கேயே இருக்கும். மங்கிய வெள்ளையாகவோ பழுப்பாகவோ உருண்டையாகத் தெரியும் அந்தப் பை ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரலாம். மரச்சட்டம் கம்பிவலையோடு சேரும் இடத்தைக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, பையைச் சுரண்டி எடுத்து நசுக்குங்கள். என்னைக் கேட்டால் வலையை விடுங்கள், பையைத் தேடுங்கள் என்பேன். குஞ்சுள்ள பெட்டியை இப்போது அசைக்க வேண்டாம், வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். குஞ்சுகள் பறந்த பின் பெட்டியை வெளியே எடுத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அடைக்கும் பசையின் வாசனை முழுதும் போன பிறகே கூண்டுக்குள் வைக்க வேண்டும்.

அடுத்தது, சிலந்திக்குச் சோறு போடுவதை நிறுத்துவது. கூண்டருகில் இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரிகிறதா? பூச்சிகள் அங்கே மொய்க்கும், சிலந்தியும் கடை விரிக்கும். விளக்கைத் தள்ளி வையுங்கள். வேண்டியே தீர வேண்டுமென்றால் மஞ்சள் எல்இடி. சிந்திய தீனியை மாலையிலேயே கூட்டிவிடுங்கள். சிந்திக் கிடக்கும் விதையில் அந்துப்பூச்சியும் கரப்பானும் பெருகும். மூட்டையைத் திறந்து வைக்காமல் இறுக்கமான டப்பாவில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏதாவது பறவை திடீரென்று இறகை உப்பி, நிற்க முடியாமல் தடுமாறினால், கடி என்று முடிவு கட்டிவிடாமல் பறவை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரவில் பறவைகள் கூட்டமாக அமைதியிழந்து, குஞ்சுகள் வெளிறிப்போனால் அது பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் சிவப்பு மைட் என்ற சின்ன உண்ணியின் வேலை. இருட்டில் பெர்ச்சின் (பறவை உட்காரும் குச்சி) அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை தெரிந்தால் அதற்கான மருந்தையும் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.